செய்முறையும் சாட்சியமும்

அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் அறிவியலின் தொடக்கப் பாடத்தையும் அதன் செய்முறையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வகுப்புக்கு ஒரு மதிப்பு, ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மதிப்பு. இரண்டாவதை எடுப்பதும் விடுவதும் மாணவன் இஷ்டம். இங்கிருந்து போய்ப் படிக்கிற நம் பிள்ளைகளில் சிலருக்கும் இந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே வந்து நிற்கிறது. எடுத்தால் வாரத்தில் ஒரு பிற்பகல் போகும், கட்டணம் கூடும், சராசரி மதிப்பெண் இறங்கினாலும் இறங்கும். எடுக்காவிட்டால் என்ன நஷ்டம் என்பது மட்டும் சட்டென்று பிடிபடுவதில்லை. விதி புத்தகத்தில் இருக்கிறது. பரிசோதனை செய்யும் முறையும் இருக்கிறது. செய்தால் என்ன விடை வரும் என்பதும் இருக்கிறது. விடை தெரிந்த ஒன்றை ஒருவன் ஏன் மறுபடி செய்துபார்க்க வேண்டும்?

கேட்பதற்குப் பாடத்திட்டம் சம்பந்தப்பட்ட சின்ன சந்தேகம் போலிருக்கிறது. நான் இதை ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். அறிந்ததாக நாம் சொல்லிக்கொள்பவற்றுக்கு நாம் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதுதான் இதன் அடியில் இருப்பது.

நம்மிடையே இந்தத் தேர்வு இல்லை என்று ஒருவர் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1978ல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து அறிவியல் பாடங்களுக்குச் செய்முறை கட்டாயம். நெடுங்காலம் 200 மதிப்பெண்ணில் 50 அதற்கு இருந்தது. இப்போது 100ல் 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. பத்தாம் வகுப்பு அறிவியலிலும் 100ல் 25 செய்முறைக்கு. எனவே எடுப்பதா விடுவதா என்று எந்தப் படிவமும் நம் பையனைக் கேட்பதில்லை. ஆனால் கட்டாயம் என்ற சொல் காகிதத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நடப்பது வேறு. சென்ற வருஷத்து அண்ணனின் ரெக்கார்டு நோட்டு இந்த வருஷத்துத் தம்பிக்கு வருகிறது. ஒரு பக்கம் பேனாவில் செய்முறை விளக்கம், எதிர்ப்பக்கம் பென்சிலில் படமும் அட்டவணையும். படத்தோடு அளவுகளும் பெயர்ந்து வருகின்றன. உப்பைப் பகுத்தறிவதற்கு முன்பே அது என்ன உப்பு என்ற தகவல் காதுக்கு வந்துவிடுகிறது. கடைசி வரியில் வர வேண்டிய எண்ணை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புகிற வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தேவையில்லை, தானாகவே வந்துவிடுகிறது. முடிவில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணோ ஒன்றிரண்டு குறைவாகவோ கிடைத்துவிடும்.

ஆக, அங்கே வெளிப்படையாகக் கேட்கப்படுகிற கேள்வி இங்கே ரகசியமாகக் கேட்கப்படுகிறது. அங்கே எடுக்காதவன் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். இங்கே எடுக்காதவன் எடுத்தேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறான். முன்னவனிடம் இருப்பது வெறும் அறியாமை. பின்னவனிடம் அறியாமையோடு ஒரு பொய்ச் சாட்சியமும் சேர்ந்துவிடுகிறது. பதினாறு பதினேழு வயதில், தான் காணாததைக் கண்டதாகத் தேதி போட்டு எழுதும் பயிற்சியை நம் கல்வி ஒரு சம்பிரதாயமாகவே தந்துவருகிறது.

2

செய்முறைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல்தான் பிழைப்பு. சுற்றிலும் கரிசல், மழையை நம்பிய மானாவாரி நிலம். அதில் கிடைப்பது போதாத குடும்பங்களைத் தையல் மெஷின் தாங்குகிறது. இப்படியொரு வீட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப்போய்க் கணிதமோ இயற்பியலோ படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்ததும் கிளம்பினால் பொழுதிருக்க வீடு வந்து மெஷினில் உட்காரலாம். ஆய்வுக்கூடம் என்றால் அந்த பஸ் போய்விடும். தையலுக்குக் கூலி பீஸ் கணக்கு. எனவே செய்முறைக்குச் செலவாகும் இரண்டு மணி நேரத்தின் விலையை அவள் வீட்டில் பைசா சுத்தமாகச் சொல்லிவிட முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவளுக்குக் கிடைக்கும் அறிவின் விலையை யாராலும் சொல்ல முடியாது.

"அதான் புஸ்தகத்துல போட்டிருக்குல்லா, பெறகு என்னத்துக்குச் செஞ்சு பாக்கச் சொல்லுதாக?" என்று அவள் அம்மா கேட்டால், அதைப் படிக்காதவள் பேச்சென்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மாணவன் தனக்குள் கேட்டுக்கொள்ளும் அதே கேள்விதான் இது. அவனைவிட இந்த அம்மாவுக்கு இதைக் கேட்க அதிக உரிமை இருக்கிறது. இவளுக்குச் சொல்ல ஒரு பதில் இல்லாவிட்டால், செய்முறைக்கு ஆதரவாக நாம் பேசுவதெல்லாம் வசதியுள்ளவர்களின் ரசனை என்ற அளவில் நின்றுவிடும்.

3

அம்மாவின் கேள்விக்கு நம் தர்க்க மரபில் இடம் உண்டு. அறிவதற்கான வழிகளை நம்மவர்கள் அளவை என்றார்கள். மணிமேகலையில் சமயவாதிகளின் கூற்றைக் கேட்கும் காதையில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. சிவஞான சித்தியாரில் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கப்படுகின்றன. காண்டல் ஒன்றே போதும் என்று நின்றவர்கள் உலகாயதர்கள். மற்றவர்கள் உரையையும் ஏற்றார்கள். நம்பத்தக்கவர் சொன்னால் அது அறிவுதான்.

உரையை ஏற்காமல் ஒரு நாளும் கழியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கண்டு தெளிந்தோம்? நான் பிறந்த தேதிகூட எனக்கு உரைதான். அறிவியலாளனுக்கும் அப்படியே. தன் துறைக்கு ஓர் அடி அப்பால் இருப்பதை அவனும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறான். எல்லாவற்றையும் நானே சோதித்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்பவனுக்கு ஆயுள் போதாது. ஆகவே, கண்டதுதான் அறிவு, கேட்டது அறிவில்லை என்ற எளிய வாதத்தை வைத்துச் செய்முறையைக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கிடைப்பது சுத்தமான காண்டல்தானா? மாணவன் ஊசலை ஆட்டுவதற்கு முன்பே அதன் விடையை மனப்பாடம் செய்திருக்கிறான். அவன் கண் ஊசலைப் பார்க்கிறது; மனம் புத்தகத்தைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படும்போது எது ஜெயிக்கிறது என்பதில்தான் செய்முறையின் அர்த்தமே இருக்கிறது. பொதுவாகப் பேசுவதைவிட அந்த ஊசலையே எடுத்துக்கொண்டு பார்ப்பது தெளிவாக இருக்கும்.

4

ஒரு நூல், அதன் முனையில் ஓர் உலோகக் குண்டு, ஒரு ஸ்டாப் கடிகாரம். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை 100 செ.மீ. இருக்குமாறு கட்டிக்கொள்கிறோம். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, ஓர் அலைவுக்கு எவ்வளவு என்று வகுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். விடை 980 செ.மீ. என்று வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல்முறை செய்கிற பையனுக்கு 980 வராது. பெரும்பாலும் 1080ஐத் தாண்டிய ஏதோ ஓர் எண் வரும். காரணம் சின்னது. கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் அவன் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குகிறான். 'பூஜ்யம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். ஒன்று என்று தொடங்கி இருபதில் நிறுத்தினால் ஆடியது பத்தொன்பது முறை. நாற்பது வினாடிக்குச் சற்று மேல் வர வேண்டியது முப்பத்தெட்டு வினாடியாகக் குறைந்துவிடும். ஈர்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் மேல் கூடிவிடும்.

இப்போது அவன் முன் இரண்டு வழிகள். ஒன்று, 38 என்பதை அழித்துவிட்டு 40 என்று எழுதுவது. ஒரு நிமிட வேலை. மற்றது, எங்கே பிசகியது என்று தேடுவது. நூலை மறுபடி அளந்து, குண்டின் விட்டத்தைப் பார்த்து, கடிகாரத்தைச் சந்தேகித்து, கடைசியில் தன் எண்ணும் பழக்கத்தையே சந்தேகிக்க வேண்டும். ஒரு பிற்பகல் போய்விடும். அந்தப் பிற்பகலின் முடிவில் பூஜ்யத்திலிருந்து ஏன் எண்ண வேண்டும் என்பதை அவன் அறிந்திருப்பான். தனக்கு நிச்சயம் தெரியும் என்று நினைத்த எண்ணுதல் என்ற சாதாரணக் காரியம் தனக்கே தெரியாமல் தவறக்கூடியது என்பதையும் அறிந்திருப்பான். இதை அவனுக்கு எந்தப் புத்தகமும் தந்திருக்க முடியாது. புத்தகத்தில் தப்பு வராது என்பதுதான் புத்தகத்தின் குறை.

விஷயம் இதோடு நிற்கவில்லை. 980 என்பது நம் ஊரின் எண்ணே இல்லை. பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதாலும் சுழல்வதாலும் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. பூமத்திய ரேகையில் 978க்குச் சற்று மேல். துருவத்தில் 983க்குச் சற்று மேல். புதியம்புத்தூரும் கோவில்பட்டியும் ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கின்றன. கணக்குப்படி இங்கே 978.2க்கு அருகில்தான் வரும். 980 என்பது இன்னும் வெகுதூரம் வடக்கே உள்ள தேசங்களுக்குப் பொருந்துகிற எண். மீட்டர் கணக்கில் 9.8 என்று ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொண்டால் எல்லா ஊருக்கும் ஒருமாதிரி பொருந்தும். அதையே சென்டிமீட்டராக்கி 980 என்று முழு எண்ணாகப் பிடித்துக்கொள்ளும்போது, தன் காலடியில் இல்லாத ஈர்ப்பைத் தன் காலடியில் கண்டதாகப் பையன் எழுதுகிறான்.

அதே சமயம், நூலும் கைக்கடிகாரமும் கொண்டு 978ஐயும் 980ஐயும் பிரித்தறிவது சுலபமில்லை. விரல் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினாலே விடை 10 செ.மீ. அளவுக்கு நகர்ந்துவிடும். நேர்மையாகச் செய்த மாணவனுக்கு 972 வரலாம், 985 வரலாம். எண்ணோடு, இதில் இவ்வளவு முன்பின் இருக்கும் என்று சேர்த்து எழுதினால் அதுதான் அறிவு. எல்லா நோட்டிலும் துல்லியமாக 980 என்று இருப்பதே அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

5

இந்த ஊசலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரரை, வானியல் அளவுகள் எடுத்து வரும்படி பாரிஸ் அகாடமி தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்கு அனுப்பியது. அதுவும் பூமத்திய ரேகைக்கு அருகில், நம்மைப்போல வெப்பமான பகுதி. பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. சரியாக ஓட வைக்க ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் குறைக்க வேண்டியிருந்தது. சூட்டில் உலோகம் நீண்டிருக்கும், கடிகாரம் கெட்டிருக்கும், ரிஷேயே கவனக்குறைவாக இருந்திருப்பார் என்றெல்லாம் சொல்லிவிட வழியிருந்தது. அவரும் பாரிஸ் அளவையே எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் கண்டதை எழுதினார். 1687ல் நியூட்டன் தன் பிரின்ஸிபியாவில் பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதிட்டபோது இந்த மூன்று மில்லிமீட்டர் அவருக்குச் சாட்சியாக நின்றது.

நம் பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டின் ஒழுக்கத்தை ரிஷே கடைப்பிடித்திருந்தால், கயேனிலும் பாரிஸ் எண்ணே வந்திருக்கும். பூமியும் உருண்டையாகவே இருந்திருக்கும்.

பெரிய விஞ்ஞானிகள் எல்லோரும் இந்த விஷயத்தில் மாசற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன், 1913ல் வெளியிட்ட கட்டுரையில், அட்டவணையில் உள்ளவை தேர்ந்தெடுத்த துளிகளல்ல, குறிப்பிட்ட நாட்களில் சோதித்த எல்லாத் துளிகளும் அவைதான் என்று உறுதி கூறினார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பிற்பாடு வெளியே வந்தபோது, விட்டுவிடப்பட்ட துளிகளும் இருந்தது தெரிந்தது. இதற்குப் பின் நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. மில்லிகனின் எண் காற்றின் பிசுப்புத் தன்மைக்குத் தவறான மதிப்பை எடுத்துக்கொண்டதால் சற்றுக் குறைவாக இருந்தது. அடுத்து வந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார்கள். மில்லிகனிடமிருந்து வெகுவாக விலகிய எண் வந்தால் எங்கே தவறு என்று தேடினார்கள்; நெருங்கி வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. 1974ல் ஒரு பட்டமளிப்பு உரையில் ஃபெயின்மன் இதை எடுத்துச் சொல்லி, முதலில் ஏமாற்றக் கூடாதது தன்னைத்தான், ஏமாற்ற மிகச் சுலபமான ஆளும் தான்தான் என்ற பொருளில் எச்சரித்தார். ஆக, உரை காண்டலை அமுக்குவது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. எங்கும் உள்ளதுதான். அதனால்தான் அதற்கு எதிராகப் பழக வேண்டியிருக்கிறது.

6

செய்முறை வேண்டாம் என்பவர்களின் பக்கத்தில் நம்மிடம் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. 1906ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் ராமானுஜன் படித்துக்கொண்டிருந்தார். எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தைத் தவிர மற்றவற்றில் அவருக்கு நாட்டமில்லை. உடலியல் அவர் காலை வாரியது, தேர்ச்சி பெறவேயில்லை. தவளையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாததால் அவருடைய கணிதம் குறைந்துபோனதாக யாரும் சொல்ல முடியாது. அதே 1906ல், அதே நகரத்தில், பிரசிடென்ஸி கல்லூரியில் பதினெட்டு வயது ராமன், ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒளிப்பட்டைகளைக் கண்டு, அவற்றின் பின்னால் போய், லண்டன் பிலாசஃபிகல் மேகஸினில் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். அளக்கச் சொன்னது கோணத்தை. கோணம் தெரிந்த கோணம்தான். அவர் அதைத் தாண்டிப் பார்த்தார்.

இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, கணிதத்துக்குச் செய்முறை வேண்டாம், பௌதிகத்துக்கு வேண்டும் என்று பாகப்பிரிவினை செய்துவிடலாம். ஆனால் ராமானுஜனுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அது அவருடைய சிலேட்டு. பகாஎண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதியவற்றில் சில தவறென்று ஹார்டி காட்டினார். பின்னால் இருவரும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கண்டு 1918ல் வெளியிட்டபோது, மக்மஹோன் என்பவர் 200 வரை கையாலேயே கணக்கிட்டுத் தந்த அட்டவணையோடு அதை ஒப்பிட்டார்கள். 200க்கான விடை 3,972,999,029,388. சூத்திரம் அந்த எண்ணில் வந்து விழுந்தது. விழாமலும் போயிருக்கலாம் என்ற அபாயத்துக்கு அவர்கள் உட்பட்டார்கள். அந்த உட்படுதல்தான் செய்முறை. கண்ணாடிக் குழாயும் பியூரெட்டும் அதற்கு உபகரணங்கள் மட்டுமே.

கரிசலின் மேற்கு விளிம்பில், வத்திராயிருப்பில் 1898ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்த அவர் ஒரு கட்டத்தில் ஏட்டுக் கணிப்புகளிலேயே அதிகம் ஆழ்ந்திருந்தார். 1928 பிப்ரவரித் தொடக்கத்தில், ராமனின் யோசனைப்படி பரிசோதனைக்குத் திரும்பியதாகவும், அறிவியல் செய்கிறவன் நெடுநாள் பரிசோதனை உண்மைகளோடு தொடர்பற்று இருப்பது ஆரோக்கியமல்ல என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். அந்த மாதம் 28ம் தேதிதான் இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுவது. வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் விடு என்ற கேள்வி முதிர்ந்த ஆராய்ச்சியாளனுக்கும் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போதும் அதற்கு விடை மதிப்பெண்ணில் இல்லை.

7

இனி அந்த அம்மாவிடம் திரும்பலாம். அவளுக்குச் செய்முறை என்றால் என்னவென்று நாம் கற்பிக்கப் போவதில்லை. அவள் பிழைப்பே செய்முறைதான். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது கால் அங்குலம் பிசகினால் அத்தனை அடுக்கிலும் பிசகும். பருத்தித் துணி தண்ணீர் பட்டால் எவ்வளவு சுருங்கும் என்பதை யாருடைய உரையையும் நம்பி அவர் வெட்டுவதில்லை. நனைத்துப் பார்க்கிறார். கரிசல் சம்சாரி மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் ஈரம் போதுமா என்று தீர்மானிக்கிறார். துணியும் மண்ணும் மறுத்துப் பேசும். 980 என்று எழுதிவைத்துவிட்டு அவற்றிடம் தப்ப முடியாது. மகள் கல்லூரியில் காப்பி அடிக்கிற அதே மாலையில், அம்மா நிஜமான பரிசோதனையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் மகளுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு? கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்தது அவர் கையோடு இருக்கிறது. அவர் போனால் அதுவும் போய்விடும். வேறொருவர் அதை எடுத்துச் சோதித்துத் தவறென்று காட்டவும் வழியில்லை. ஆய்வுக்கூடம் கூடுதலாகத் தருவது ஒன்றுதான்: பதிவு. இன்ன நாளில், இன்ன முறையில், இவ்வளவு கண்டேன், இவ்வளவு முன்பின் இருக்கலாம், ஐயமிருந்தால் நீயும் செய்துபார் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதிவைப்பது. கோவில்பட்டியில் 1901லிருந்து விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கே என்ற எழுத்தோடு எண் சேர்த்துப் பெயரிட்ட கருங்கண்ணிப் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. சம்சாரிக்குத் தெரியாத மர்மம் எதுவும் அங்கே இருந்ததில்லை. பாத்தி பாத்தியாகப் பிரித்து விதைத்து, விளைந்ததையும் விளையாததையும் ஒரே சிரத்தையோடு எழுதிவைத்ததில்தான் அதன் பலம்.

எனவே செய்முறையின் உயிர் ரெக்கார்டு நோட்டில்தான் இருக்கிறது. நாம் அதைத்தான் முதலில் கொன்றுவைத்திருக்கிறோம். கையால் செய்யத் தெரிந்த சமூகத்துக்கு எழுதிவைக்கும் நேர்மையைத் தர வந்த கல்வி, எழுத்திலேயே பொய்யைப் பழக்கிவிட்டது.

8

இதை ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். நம் கவிதையிலும் விமர்சனத்திலும் ரெக்கார்டு நோட்டுகள் குவிந்து கிடக்கின்றன என்பதுதான் அவசியம். தனிமை, வெறுமை, அந்நியமாதல் என்று வர வேண்டிய விடை முன்பே தெரிந்திருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி அனுபவத்தைக் கணக்கிட்டு வரிகளை நிரப்பிவிடுகிறோம். யாரோ ஒரு வடக்கத்திய அட்சரேகையில் உண்மையாக அளந்த வெறுமை இங்கே 980 ஆகிவிடுகிறது. கரிசலைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் இப்போது வெடித்த நிலமும் வறண்ட கண்மாயும் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி வந்து விழுகின்றன. மண் வெடிப்பது வாஸ்தவம். ஆனால் எழுதியவர் அந்த வெடிப்பில் குச்சி விட்டு ஆழம் பார்த்தாரா என்ற சந்தேகம் வாசிக்கும்போது எழுகிறது.

மாற்று உதாரணமும் இந்த மண்ணிலேயே உண்டு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982ல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிப் பட்டமோ பல்கலைக்கழக நிர்ப்பந்தமோ அவருக்கு இல்லை. பேரகராதிகள் சொல்லும் பொருளோடு நிறுத்திக்கொள்ளாமல், ஜனங்கள் வாயில் சொல் என்ன பொருளில் புழங்குகிறது என்று காதால் கேட்டு எழுதிவைத்த காரியம் அது. அந்த அகராதியில் குறைகள் இருக்கலாம். இருந்தால் இன்னொருவர் கேட்டுத் திருத்தலாம். திருத்தப்படுவதற்குத் தன்னைத் திறந்து வைத்திருக்கிறது என்ற அர்த்தத்தில் அது ஒரு நல்ல ரெக்கார்டு நோட்டு.

9

செய்முறையை எடுப்பதா வேண்டாமா? தேர்வு உண்மையாகவே தேர்வாக இருக்கிற இடத்தில், முடிந்தவன் எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. வேலைக்கு உதவும் என்பதற்காகவோ, பாடம் நன்றாகப் பதியும் என்பதற்காகவோ இல்லை. அதற்கெல்லாம் வேறு குறுக்கு வழிகள் உண்டு. படிப்பு என்ற நீண்ட காலத்தில், ஆசிரியரும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் ஒரு பொருளே நேராக நின்று 'நீ நினைத்தது சரியில்லை' என்று சொல்லும் சந்தர்ப்பம் அநேகமாக அது ஒன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதிவைக்கும் மனம் பின்னால் வேறெங்காவது அமைந்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

முடியாதவளுக்கு, பஸ்ஸையும் பீஸ் கூலியையும் எண்ண வேண்டியவளுக்கு, எடுத்தே தீர வேண்டும் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அவளிடம் ஒன்று மட்டும் கேட்கலாம். பத்துப் பரிசோதனையைக் காப்பி அடிப்பதைவிட ஒன்றை முழுசாகச் செய்து, வந்த எண்ணை வந்தபடி எழுது. பாக்கி ஒன்பதையும் செய்யவில்லை என்று எழுது. அப்படி எழுதுகிற பெண்ணுக்கு மதிப்பெண் போடத் தெரிந்த கல்வி நம்மிடம் இல்லை என்பது தெரியும். அந்தக் குற்றம் அவளைச் சேராது.

ஆய்வுக்கூடம் தொலைவில் இருக்கிறது என்ற வாதமும் இங்கே அவ்வளவாக எடுபடாது. கரிசலைக் கொஞ்சம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் கிடைக்கும். அதன்மேல் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்கும். வீட்டு வினிகருக்கும் மெதுவாகப் பொங்கும். வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல வெளுக்கும். இது கார்பனேட்டுக்கான சோதனை, பாடத்தில் உள்ளதுதான். இதே சோதனைக்கு நம் பள்ளிகளில் சீசாவில் அடைத்து லேபில் ஒட்டிய உப்பை விலைக்கு வாங்கிவைத்திருக்கிறார்கள். காலடியில் கிடக்கும் கல்லில் சோதித்தால் சில கற்கள் பொங்கும், சில பொங்காது. பொங்காத கல் எதனால் பொங்கவில்லை என்பது எந்த ரெக்கார்டு நோட்டிலும் இருக்காது. அந்தப் பக்கத்தைச் செய்துபார்த்தவள்தான் எழுத வேண்டும்.